ஏகாதசியன்று திருச்சி நிலையம்

திருச்சி வானொலி நிலையம் 1939 மே 16 அன்று பேச ஆரம்பித்தது. நாடு விடுதலை பெற்றபோது இந்திய எல்லைக்குள் இருந்தவை ஆறே நிலையங்கள். தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை, லக்னோ, ஆறாவதாகத் திருச்சி. எங்கள் ஊர்க்காரர்கள் இதை இன்றும் பெருமையாகச் சொல்வார்கள், நானும் சொல்கிறேன். மற்ற ஐந்தும் பெரிய தலைநகரங்கள். திருச்சி அப்படி இல்லை. அதன் முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் காவிரிக் கரையின் விவசாயிகள், பொன்மலை ரயில்வே பணிமனைத் தொழிலாளிகள், மணப்பாறைச் சந்தைக்கு மாடு ஓட்டிப் போகிறவர்கள், ஸ்ரீரங்கத்து வேத விற்பன்னர்கள். இவர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே அலைவரிசை. ஆளுக்கு ஒரு வேளை வரும்வரை மற்றவர் வேளையையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். என் காது அப்படித்தான் வளர்ந்தது.

அந்த நாட்களில் ஒன்றை மட்டும் எடுத்துச் சொல்ல வேண்டுமானால் நான் வைகுண்ட ஏகாதசியைத்தான் சொல்வேன். 1970களின் பிற்பகுதி. எங்கள் வீடு ஸ்ரீரங்கத்து வடக்குச் சித்திரை வீதியில். கூடத்தில் ஊஞ்சலுக்கு மேலே, சுவரில் அடித்த மரப்பலகையில் வால்வு ரேடியோ இருந்தது. விட்டத்தை ஒட்டி ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரை செப்புக் கம்பி வலையாகப் பின்னிய ஏரியல். குமிழைத் திருகினால் முதலில் மஞ்சள் வெளிச்சம் வரும். பிறகு வால்வு சூடாகும்வரை ஒன்றுமே கேட்காது. அடியிலிருந்து ஒரு முனகல் கிளம்பி, அதற்குள்ளிருந்து குரல் மேலே வரும். கண்ணாடியில் திருச்சி எங்கே விழும் என்று தெரிய, பாட்டி வெற்றிலைச் சுண்ணாம்பால் ஒரு பொட்டு வைத்திருந்தாள். அது உதிர உதிர மறுபடி வைப்பாள். அந்தப் பெட்டியை வைத்திருக்க ஆண்டுக்கு 15 ரூபாய் லைசென்ஸ் கட்டணம். தபால் ஆபீசில் கட்டினால் சிறு புத்தகத்தில் ஸ்டாம்பு ஒட்டி முத்திரை குத்திக் கொடுப்பார்கள். 1980களின் நடுவில் அந்தக் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள்.

ஏகாதசியன்று பெட்டி இருட்டிலேயே விழிக்கும். மற்ற நாட்களில் ஆறு மணிக்குச் சற்று முன்பு முகப்பிசையுடன் தொடங்கும் நிலையம், அன்று சொர்க்கவாசல் திறப்பை நேரடியாகச் சொல்வதற்காக முன்பே எழுந்துவிடும். முழங்கால் வலி வரும்வரை பாட்டி வருஷம் தவறாமல் வாசலுக்குப் போனவள். பிறகு அந்தக் கூட்டத்தில் அவளைக் கூட்டிப்போக யாருக்கும் தைரியம் வரவில்லை. கோவிலின் மதில் நிழலிலேயே குடியிருந்துகொண்டு, உற்சவத்தை வானொலியில் கேட்க வேண்டிய நிலைமை. அவள் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவே இல்லை. தலைக்குக் குளித்து, மடிப்புடவை கட்டி, திருமண் இட்டுக்கொண்டு ரேடியோவுக்கு எதிரே பலகை போட்டு உட்கார்ந்துவிடுவாள்.

வர்ணனை செய்கிறவர்களுக்கு வேலை எளிதல்ல. பார்க்காதவர்களுக்குக் காட்ட வேண்டும், மன்னார்குடியிலும் பெரம்பலூரிலும் கேட்கிறவர்களுக்கு இடம் புரிய வேண்டும். முந்தின நாள் மோகினி அலங்காரத்தோடு பகல் பத்து முடிந்துவிட்டது, இன்று ராப்பத்து தொடங்குகிறது என்று எடுத்துக் கொடுத்துத்தான் ஆரம்பிப்பார்கள். நம்பெருமாள் ரத்தின அங்கியும் பாண்டியன் கொண்டையுமாக மூலஸ்தானத்திலிருந்து சிம்ம கதியில் புறப்படுகிறார், பிராகாரம் கடக்கிறார், விரஜா நதி மண்டபத்தில் நின்று வேத விண்ணப்பம் கேட்கிறார். பாட்டிக்கு ஒவ்வொரு படியும் மனப்பாடம். வர்ணனையாளர் சொல்வதற்கு முன்பே அவள் சொல்லிவிடுவாள்.

"ரேடியோவச் சித்த பெரிசா வைடீ, பெருமாள் விரஜைக்கு வந்துட்டார்!"

நல்ல வர்ணனையாளருக்கு எப்போது பேசாமல் இருக்க வேண்டும் என்று தெரியும். கதவு திறக்கும் அந்தக் கணத்துக்கு முன்பு அவர்கள் நிறுத்திக்கொள்வார்கள். ஒலிவாங்கியில் நாகஸ்வரமும் வாத்தியங்களும் வேத கோஷமும் ஜனங்களின் இரைச்சலும் மட்டும் வரும். அதற்குப் பிறகு, ஒரே குரலாக, "ரங்கா! ரங்கா!"

அப்போது நடந்த ஒன்றை நான் ஒவ்வொரு வருஷமும் காத்திருந்து கேட்பேன். அந்தக் கோஷம் முதலில் ரேடியோவில் வரும். ஏறக்குறைய ஒரு நொடி கழித்து ஜன்னல் வழியாக, தெருவைத் தாண்டி, நேரே கோவிலிலிருந்து வரும். பக்கத்துக் கோவிலின் சத்தத்தை விட, காவிரி தாண்டிக் கண்டோன்மெண்டில் உள்ள நிலையம் வரை போய்த் திரும்பிய சத்தம் முந்திக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் பௌதிகம் படித்தபோதுதான் காரணம் புரிந்தது. ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் நடக்கும். மின்சாரமாகக் கம்பியில் ஏறி, அலையாக வானத்தில் பரவினால் அதன் வேகம் நொடிக்கு லட்சக்கணக்கான கிலோமீட்டர். வாத்தியார் கரும்பலகையில் கணக்குப் போட்டபோது, எனக்கு அது கோவில் கோஷமாகவே கேட்டது. பாட்டிக்கு இந்தக் கணக்கு எதுவும் தேவைப்படவில்லை. ரேடியோவில் கேட்டதும் ஒரு முறை, ஜன்னலில் கேட்டதும் ஒரு முறை என்று இரண்டு முறை கன்னத்தில் போட்டுக்கொள்வாள். இப்போது கைப்பேசிச் செயலியில் திருச்சி நிலையத்தைக் கேட்டால் வரிசை தலைகீழ். ஒலியை எண்ணாக்கி, பொட்டலம் கட்டி, இணையம் வழியே சுற்றி அனுப்புவதற்குப் பல நொடிகள் ஆகின்றன. ஜன்னல் முந்திவிடுகிறது.

பெருமாள் மணல்வெளி தாண்டி ஆயிரங்கால் மண்டபத்தின் திருமாமணி மண்டபத்துக்குப் போகும்வரை வர்ணனை தொடரும். பிறகு வழக்கமான காலை. மங்கல இசை, மார்கழி என்பதால் திருப்பாவையும் விளக்கமும். நாகஸ்வரம் என்றதும் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஷேக் சின்ன மௌலானா ஆந்திரத்துக் கரவதி ஊர்க்காரர். தஞ்சாவூர் பாணியைக் கற்றுக்கொள்ளவென்றே தமிழ்நாட்டுக்கு வந்து, நாச்சியார்கோவில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் பயின்றார். 1960களில் ஸ்ரீரங்கத்துக்கே குடிவந்துவிட்டார். ரங்கநாதரிடம் அவருக்கு இருந்த பக்தியை ஊரில் அறியாதவர் இல்லை. 1998-ல் சங்கீத கலாநிதி ஆனார், மறு வருஷம் காலமானார். அவருடைய வாசிப்பு வானொலியில் வருகிற காலைகளில், நாளுக்கு ஐந்து வேளை தொழுகிற ஒருவர் ஊதும் நாதத்தில் எங்கள் அக்ரகாரத்து வீடுகள் கோலம் போட்டன, பால் காய்ச்சின, பூஜை செய்தன. யாரும் அதை ஒரு விஷயமாகப் பேசவில்லை. பாட்டி சொல்வது ஒன்றுதான்: "மௌலானா ஊதறார், பேசாம இருங்கோ."

6.55-க்கு தில்லியிலிருந்து சம்ஸ்கிருதச் செய்தி. 1974-ல் தொடங்கியது. ஐந்து நிமிஷம்தான். எதிர்வீட்டுத் தாத்தா, வாழ்நாள் முழுக்கச் சாஸ்திரம் படித்தவர், எங்கள் திண்ணைக்கு வந்து தூணில் சாய்ந்து நின்று கேட்பார். அவர் ஓலைச்சுவடியிலும் அச்சுப் புத்தகத்திலும் மட்டுமே பழகிய மொழியில் மந்திரிசபை மாற்றமும் எல்லைப் பேச்சுவார்த்தையும் வந்தபோது அவர் முகத்தில் தெரிந்த ஆனந்தத்தை நான் பார்த்திருக்கிறேன். செய்தி முடிந்ததும் ஒன்றும் பேசாமல் போய்விடுவார். மறுநாள் அதே நேரத்துக்கு வருவார்.

7.15-க்கு தமிழ்ச் செய்தி. அப்பா பொன்மலைக்குக் கிளம்புகிற நேரம். ஏகாதசிக்கு லோக்கல் லீவு ஊருக்குத்தான், பணிமனைக்கு இல்லை. சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டே அவர் காதைக் கொடுத்த குரல் சரோஜ் நாராயணசுவாமியுடையது. ஒவ்வொரு எழுத்தும் அதனதன் இடத்தில் நிற்கும். வேகமும் இல்லை, இழுவையும் இல்லை. ஆட்சி கவிழ்ந்தாலும் தலைவர் மறைந்தாலும் அந்தக் குரல் தன் நிதானத்தை விடவில்லை. பெண்கள் கூடத்தில் ஆண்களுக்கு நடுவே உட்கார்ந்து பேசாத வீடு எங்களுடையது. அந்தக் கூடத்தில் தினமும் காலையில் ஒரு பெண், உலகத்தில் என்ன நடந்தது என்று எடுத்துச் சொல்ல, ஆண்கள் எல்லோரும் வாய் பேசாமல் கேட்டார்கள். எட்டு ஒன்பது வயதில் நான் இதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பின்னாளில் நான் மேடையில் நின்று பேசியபோதெல்லாம் எனக்குத் தைரியம் அங்கிருந்துதான் வந்தது. 2022 ஆகஸ்டில் அவர் மும்பையில் காலமானார் என்ற செய்தியைப் படித்த அன்று நான் வேலையில் மனம் வைக்க முடியாமல் இருந்தேன்.

பகல் நேரம் ஏகாதசியன்று நீளமானது. அடுப்பு பற்றவைக்கவில்லை. பாட்டி துளசித் தீர்த்தத்தோடு சரி, எங்களுக்குப் பாலும் பழமும். மாதர் நிகழ்ச்சியில் யாரோ கூட்டுக்கறி செய்முறை சொல்ல, அம்மா அதை நாளைய துவாதசிக்கு என்று காகிதத்தில் குறித்துக்கொள்வாள்.

பாட்டி கண்ணயர்ந்ததும் அண்ணன் எழுந்து குமிழைத் திருகுவான். முள் சுண்ணாம்புப் பொட்டை விட்டு நகர்ந்து இலங்கைக்குப் போய்விடும். கடல் தாண்டி வந்தாலும் இலங்கை வானொலி எங்கள் ஊரில் உள்ளூர் நிலையம் போலவே கேட்டது. கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது என்று அறிவிப்பாளர்களின் பெயர்களை அண்ணனின் நண்பர்கள் கிரிக்கெட் வீரர்களின் பெயர்களோடு சேர்த்துச் சொல்வார்கள். அதற்கு ஒரு பின்கதை உண்டு. 1952 முதல் பத்தாண்டுகள் ஒலிபரப்புத் துறை அமைச்சராக இருந்த பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு ஜனங்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று நம்பியவர். அகில இந்திய வானொலியில் அதை ஒடுக்கினார், நாடே இலங்கைப் பக்கம் முள்ளைத் திருப்பியது. 1957-ல் விவித பாரதி பிறந்ததற்கு அந்த இழப்பு ஒரு முக்கியக் காரணம். கேஸ்கர் சாஸ்திரிய சங்கீதத்துக்குச் செய்ததை நான் மதிக்கிறேன். 1952-ல் தேசிய சங்கீத நிகழ்ச்சி தொடங்கியது அவர் காலத்தில்தான். ஆனால் ஒன்றைக் கொடுக்க இன்னொன்றைப் பறிக்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் பாட்டியும் அண்ணனும் ஒரே பெட்டியை வைத்துக்கொண்டு சமாளித்தார்கள்.

மாலையானால் பெட்டி வேறு ஆளுக்குச் சொந்தம். பாட்டிக்கு லால்குடிப் பக்கம் அய்யன் வாய்க்கால் பாசனத்தில் கொஞ்சம் நிலம் இருந்தது. அதைக் குத்தகைக்குச் செய்தவர் ஏகாதசிக்கு மனைவி மக்களோடு வருவார். சொர்க்கவாசல் மிதித்துவிட்டு, எங்களுக்கு ஒரு தார் பூவன் பழத்தோடு வந்து சேரும்போது பொழுது சாய்ந்திருக்கும். பாட்டியிடம் வயல் கணக்கை இரண்டு வார்த்தையில் முடித்துக்கொண்டு, "வயலும் வாழ்வும் வர்ற நேரம், வைக்கிறீங்களா தாயி" என்பார். தாழ்வாரத்து ஓரம் குத்துக்காலிட்டு அமர்ந்து, துண்டை மடியில் வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி கேட்பார். இடையில் யாரும் அவரிடம் பேசிவிட முடியாது.

அவர் சும்மா கேட்டவர் இல்லை. 1966-ல் அகில இந்திய வானொலி பண்ணை ஒலிபரப்புப் பிரிவுகளை முதலில் தொடங்கிய சில நிலையங்களில் திருச்சியும் ஒன்று. அதற்கு முந்தின வருஷம் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஏ.டி.டி. 27 வந்திருந்தது. ஜப்பானின் நோரின் 10 ரகத்தையும் நம்முடைய ஜி.இ.பி. 24 ரகத்தையும் ஒட்டுச் சேர்த்து எடுத்த குறுவை நெல். நூற்றைந்து நாள் வாக்கில் அறுவடைக்கு வந்துவிடும். விதை எங்கே கிடைக்கும், நாற்று எத்தனை நாளில் பிடுங்க வேண்டும், உரம் எப்போது எவ்வளவு போட வேண்டும் என்று திருச்சி நிலையம் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தது. தஞ்சாவூர் விவசாயிகள் கடைக்குப் போய் ஏ.டி.டி. 27 என்று கேட்கவில்லை. "ரேடியோ நெல்லு குடுங்க" என்று கேட்டார்கள். ஒரு வானொலி நிலையத்துக்கு இதைவிடப் பெரிய பட்டம் யாரும் கொடுத்துவிட முடியாது. அந்த நெல்லைத் தான் முதலில் போட்ட வருஷத்தை அவர் எங்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். பக்கத்து வயல்காரர் சிரித்தாராம், அறுப்பு முடிந்ததும் வந்து விதை கேட்டாராம். புதிய ரகங்களுக்கு ரசாயன உரமும் மருந்தும் கூடிக்கொண்டே போனதையும், பழைய நெல் ரகங்கள் பல நம் வயல்களை விட்டுப் போனதையும் இன்று யோசித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. பஞ்சத்தின் பயம் இருந்த 1960களில் அந்தக் குரலை நம்பி விதைத்தவர்களுக்கு அது சோறு போட்டது என்பதும் உண்மை.

அந்த மாலையில் எல்லோரும் காத்திருந்த ஒரு வரி உண்டு, மேட்டூர் அணையின் நீர்மட்டம். முழு மட்டம் 120 அடி. மார்கழியில் சம்பா கதிர் முற்றிக்கொண்டிருக்கும், கடைசி நீர் வருமா என்பது அந்த எண்ணில் இருக்கிறது. ஜனவரி 28-ல் பாசனத்துக்கு அணை மூடுவது வழக்கம். எண்ணைக் கேட்டதும் குத்தகைக்காரர் விரல் மடக்கிக் கணக்குப் போடுவார். வாய்க்கால் என்றால் கால் நனைக்கிற இடம் என்று மட்டும் நினைத்திருந்த எனக்கு, மேட்டூரில் ஒரு அடி இறங்கினால் லால்குடியில் ஒரு மனிதரின் முகம் மாறும் என்று காட்டியது அந்த ஐந்து நிமிஷம்தான். 1977 நவம்பரில் நாகப்பட்டினத்தை ஒட்டிப் புயல் கரை கடந்து, திருச்சியே வெள்ளத்தில் மிதந்தபோது, கரண்ட் போய் எங்கள் வால்வு ரேடியோ ஊமையாகிவிட்டது. தெருவில் ஒரு வீட்டு பேட்டரி டிரான்சிஸ்டரைச் சுற்றி நாங்கள் எல்லோரும் நின்றோம். அன்றைக்கு யாரும் பாட்டுக் கேட்கவில்லை, ஆற்று மட்டத்தைத்தான் கேட்டார்கள்.

இரவு ஏகாதசிக்கு உறங்கக் கூடாது. ஊரில் சினிமாக் கொட்டகைகள் விடிய விடியப் படம் ஓட்டும். வீட்டில் பெண்கள் பரமபத சோபான படத்தை விரித்துத் தாயக்கட்டை உருட்டுவார்கள். நிலையமும் நெடுநேரம் துணை இருக்கும். எட்டு மணிக்கு மேல் நாடகம் இருந்தால் தாயக்கட்டை நின்றுவிடும். கதவு கிறீச்சிடும் ஓசை, தூரத்து ரயில், கிணற்றில் வாளி விழுவது என்று கண்ணுக்குத் தெரியாத வீட்டை எங்கள் கூடத்திலேயே கட்டிவிடுவார்கள். ஒன்பது மணிக்கு ஆங்கிலச் செய்தி. அதற்கு அப்பா மட்டும். அதன் பின் கச்சேரி. ஸ்டூடியோக் கச்சேரியில் கைத்தட்டல் கிடையாது, தனி ஆவர்த்தனம் முடிந்ததும் பாடகரின் மூச்சு கேட்கும். லால்குடி ஜெயராமனின் வயலினோ ஏ.கே.சி. நடராஜனின் கிளாரினெட்டோ வந்தால், எங்கள் ஜில்லாக்காரர் என்ற உரிமையோடு மாமா தொடையில் தாளம் போடுவார். பதினோரு மணி சுமாருக்கு நிலையம் விடைபெற்றுக்கொள்ளும். அதற்கு மேல் விழித்திருப்பதுதான் பெரிய பாடு.

என் பிள்ளைகளுக்கு அவரவர் கேட்க விரும்பியது மட்டும் அவரவர் காதில் விழுகிறது. அதில் நல்லவை நிறைய. ஆனால் மேட்டூர் நீர்மட்டம் தானாக வந்து அவர்கள் காதில் விழாது. சம்ஸ்கிருதச் செய்தியும் நெல் விலையும் மௌலானாவின் நாகஸ்வரமும் தேடினால் மட்டுமே கிடைக்கும், தேட வேண்டுமென்று தோன்ற முதலில் எங்காவது கேட்டிருக்க வேண்டும். அரசு வானொலி என்ற ஒன்று இருப்பதே இதற்காக என்று நான் நினைக்கிறேன். விளம்பரம் தராத விவசாயிக்கும் கிழவிக்கும் ஒரு வேளை ஒதுக்க வேறு யாருக்கும் அவசியம் இல்லை. 102.1-ல் ரெயின்போ பண்பலை திருச்சியில் நன்றாகவே நடக்கிறது. எனக்குப் பழைய 936 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலைதான் நிலையம்.

பாரதிதாசன் சாலையில் அந்த நிலையத்தைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ஒலிநாடா அரிதாக இருந்த காலத்தில் பதிவைத் துடைத்து அதே நாடாவில் மறுபடி பதிவதும் நடந்தது. ஆகவே எல்லாம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மீந்திருப்பதைக் கணக்கெடுத்து, எண்ம வடிவாக்கி, பெயர் பட்டியலோடு யாரும் கேட்கும்படி திறந்துவிட வேண்டும். புகழ்பெற்ற வித்வான்களின் கச்சேரிகளை எப்படியும் யாராவது காப்பாற்றிவிடுவார்கள். ஏ.டி.டி. 27 பற்றி விதை நேரத்தில் பேசிய பண்ணை ஒலிபரப்பாளரின் குரல் வேண்டும். வெள்ளத்தின்போது ஆற்று மட்டம் வாசித்தவரின் குரல் வேண்டும். விரஜா மண்டபத்திலிருந்து ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, மார்கழிப் பனியில் நின்று, மன்னார்குடிக்கும் பெரம்பலூருக்கும் பெருமாளைக் காட்டிய அந்த வர்ணனையாளர்களின் பெயர்களும் வேண்டும். அவர்களோடு வேலை பார்த்தவர்கள் சிலர் இன்னும் திருச்சியில் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டு இப்போதே எழுதி வைக்கலாம்.